பெயருக்குப் பக்கத்தில் அந்த வட்ட ‘ஆர்’: எப்போது போடலாம்?

கடைப் பெயரையோ லோகோவையோ அச்சடிக்கும்போது, அழகுக்காக வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியைச் சேர்த்துவிடும் வடிவமைப்பாளர்கள் நிறைய. வேண்டவே வேண்டாம். இந்தியாவில் வர்த்தகக் குறிப் பதிவு முடிந்து சான்றிதழ் வந்த பிறகுதான் அதைப் போடலாம். விண்ணப்ப எண் கிடைத்தாலும் போதாது. விண்ணப்பம் அரசின் வர்த்தகக் குறி இதழில் வெளியானபின் மற்றவர்கள் ஆட்சேபிக்க நான்கு மாத அவகாசம் இருக்கிறது. பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டினால் 1999 ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டத்தின் 107வது பிரிவின்படி அபராதம் விதிக்கலாம்.

அதுவரை ‘டிஎம்’ (டிரேட்மார்க், அதாவது வர்த்தகக் குறி) போதும். அதற்கு விண்ணப்பம்கூடத் தேவையில்லை. இந்தப் பெயரை என் குறியாகக் கருதுகிறேன் என்ற அறிவிப்பு மட்டுமே.

பலர் சறுக்குவது வேறோர் இடத்தில். பதிவு பொருள் வகைக்கு ஏற்பத்தான் கிடைக்கும். பொருள், சேவை இரண்டுக்குமாக மொத்தம் 45 வகைகள். மசாலாத்தூளுக்கு 30ஆம் வகையில் பதிந்துவிட்டு, 29ஆம் வகையில் வரும் ஊறுகாய்ப் பாட்டிலிலும் வட்ட ‘ஆர்’ போடுவது தவறு. லோகோவை மட்டும் பதிந்திருந்தால் குறி லோகோவை ஒட்டியே இருக்கட்டும், வெறும் பெயர் எழுத்துகளில் வேண்டாம். சிங்கப்பூருக்கு ஏற்றுமதி செய்கிறீர்களா? அங்கே பதிவு இல்லையென்றால் அந்த லேபிளில் ‘டிஎம்’ மட்டும் அச்சிடுங்கள்.

குறியைப் பெயரின் வலது மேல் மூலையில் சிறிதாக வைப்பது வழக்கம். ஒரு பக்கத்தில் முதல் இடத்தில் போட்டால் போதும்; வரிக்கு வரி போட்டால் படிக்கச் சகிக்காது. விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்தியபடி எண்பலகையில் 0153 தட்டினால் ‘டிஎம்’, 0174 தட்டினால் வட்ட ‘ஆர்’. பதிவு 10 ஆண்டுகளுக்குத்தான்; புதுப்பிக்காமல் காலாவதியானால் குறியையும் எடுத்துவிட வேண்டும்.