ஃப்ரீசர் பாக்ஸ் வாங்கறீங்களா? மீதி காசு குடுக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துடுங்க

ஊர்ல ஒரு சாவுன்னா டவுன்லேருந்து வாடகைக்கு பெட்டி வரணும், அதுக்கு நாமளே ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம்னு இளைஞர் மன்றம், ஜமாத், சர்ச் கமிட்டின்னு நிறைய பேர் காசு சேக்கறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா குட்டி யானைல பெட்டி வந்து இறங்கினதும் மாலை போட்டு போட்டோ எடுத்து மீதி காசையும் குடுத்துடறாங்க, அது நிஜமா குளிருதான்னு முதல் சாவு வீட்லதான் தெரியுது.

ஆர்டர்லயே எழுதி வாங்குங்க: உள் தட்டு எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத ஸ்டீல்ல ஒரு ரகம்), குளிர வைக்கற கேஸ் ஆர்134ஏ, கம்ப்ரஸர் வாரன்டி தனியா எத்தனை வருஷம், ரிப்பேருக்கு ஆள் நம்ம ஊருக்கே வருவாரா. காந்தம் ஒட்டலன்னா 304னு கடைக்காரர் சொல்வார், நம்பாதீங்க, மட்ட ரகமான 202ம் பெருசா ஒட்டாது, அதுக்குன்னு டெஸ்ட் லிக்விட் விக்குது, ஒரு சொட்டு போதும். முக்கியமா, ஒரு ராத்திரி ஓட்டிப் பாத்த பிறகுதான் பாக்கி பணம்னு ஒரு வரி இருக்கட்டும்.

வண்டிக்காரர் அவசரப்படுத்துவார். சலான்ல "பெட்டி வந்தது, இன்னும் ஓட்டிப் பாக்கல"ன்னு எழுதி கையெழுத்து போடுங்க, சீரியல் நம்பர் பில்லோட ஒத்துப்போகுதான்னும் பாருங்க. வந்ததும் பிளக்கை சொருகாதீங்க, வழியில சாஞ்சு வந்திருந்தா கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள்ள போயிருக்கும், சில மணி நேரம் நேரா நிக்கட்டும்.

அப்புறம் தண்ணி பாட்டில் ஒரு அறுபது லிட்டர் அளவுக்கு உள்ள அடுக்கி மூடி, ராத்திரி முழுக்க ஓட விடுங்க. காலி பெட்டி எதுவா இருந்தாலும் சீக்கிரம் குளிரும், அதுல ஒண்ணும் தெரியாது. டிஸ்ப்ளேல வர்ற நம்பரையும் நம்ப வேணாம், சென்சார் பெரும்பாலும் குளிர வைக்கற காயில் பக்கத்துல இருக்கும், தனியா ஒரு தெர்மாமீட்டரை நடுவுல பாட்டிலுக்கு இடையில வைங்க. காலையில 4 டிகிரிக்குள்ள வரணும். ஏசி ரூம்ல இல்ல, பந்தல்ல வெச்சு பாருங்க, கண்ணாடியில பனி படிஞ்சு முகம் தெரியலன்னா அதையும் அப்பவே சொல்லுங்க. மூடி ரப்பர்ல ஒரு ரூபா நோட்டை வெச்சு மூடி இழுத்தா லேசா உருவிட்டு வரக்கூடாது.

எல்லாத்தையும் விட கரண்ட்தான் பெரிய விஷயம். பெட்டி மேல சாஞ்சு அழுவாங்க, தரையெல்லாம் ஈரம், காலில் செருப்பு இருக்காது, வீட்டு வயரிங்ல எர்த் இருக்கான்னு யாருக்கும் தெரியாது. ஷாக் அடிச்ச செய்தி பேப்பர்லயே வந்திருக்கு. டெஸ்டர் எரியலன்னு விட்டுடாம எலக்ட்ரீஷியனை கூப்ட்டு மெக்கர் (கரண்ட் கசியுதான்னு அளக்கற மீட்டர்) வெச்சு பாக்க சொல்லுங்க, அதுவும் ராத்திரி ஓடி உள்ள ஈரம் கோத்த பிறகு. பெட்டியோட வயர்லயே 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா லைனை துண்டிக்கற சுவிட்ச்) ஒண்ணு மாட்டிடுங்க, போற வீட்ல எர்த் இல்லன்னாலும் ஆள் வழியா கரண்ட் பாஞ்சா அது டிரிப் ஆகும். ஸ்டெபிலைசர் டைம் டிலே உள்ளதா இருக்கட்டும், கரண்ட் போயி உடனே வந்தா கம்ப்ரஸர் திணறும்.

வடிகால் குழாய்ல ஒரு சொம்பு தண்ணி ஊத்திப் பாருங்க, உள்ளயே தேங்குதுன்னா நாலு உபயோகத்துல நாத்தம் வந்துடும். கழுவறது எப்படின்னும் கடைக்காரரையே கேட்டு வைங்க, பிளீச்சிங் போட்டு அப்படியே விட்டா எஸ்எஸ்ஸே அரிக்கும், உடனே நல்ல தண்ணியில அலசணும்.