துணை மருத்துவப் படிப்புக்குக் கடன் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் இரண்டாண்டு அசோசியேட் பட்டத்தைக் கொண்டே மருத்துவமனை வேலைக்குள் நுழைய முடியும் என்பது உண்மைதான். ஆனால் துணை மருத்துவம் என்ற ஒரே பெயருக்குள் அடங்கும் வேலைகளின் ஊதியம் இரு மடங்கு வரை வேறுபடுவதைக் கவனிக்காமல், ‘மருத்துவத் துறையில் என்றும் வேலை உண்டு’ என்ற நம்பிக்கையில் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவது மிகப் பெரிய தவறு. அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் 2023 மே மாத நிலவரமாக வெளியிட்ட இடைநிலை ஆண்டு ஊதியத்தை (பாதிப்பேர் இதற்கு மேலும் பாதிப்பேர் கீழும் பெறும் தொகையை) பாருங்கள்: பல் சுகாதாரப் பணியாளருக்கு 87,530 டாலர், சுவாச சிகிச்சையாளருக்கு 77,960 டாலர், இயன்முறை சிகிச்சை உதவியாளருக்கு 64,080 டாலர். கிளினிக்குகளில் இரத்த அழுத்தம் பார்த்து நோயாளியை மருத்துவரிடம் அனுப்பும் மெடிக்கல் அசிஸ்டண்டுக்கோ 42,000 டாலர்தான்.

இந்த வேறுபாடு கடனோடு சேரும்போது என்ன ஆகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்க வேண்டும். 30,000 டாலர் கடனை 6.5 சதவீத வட்டியில் 10 ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 340 டாலர். ஆண்டுக்கு 4,000 டாலருக்குச் சற்று மேல். சுவாச சிகிச்சையாளரின் இடைநிலை ஊதியத்தில் இது சுமார் 5 சதவீதம். மெடிக்கல் அசிஸ்டண்டின் ஊதியத்தில் 10 சதவீதத்தை நெருங்குகிறது. தொழிற்படிப்புகளை மதிப்பிட அமெரிக்கக் கல்வித் துறை 2023இல் வகுத்த விதி, ஆண்டுத் தவணை ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதை ஓர் அளவுகோலாக வைத்தது. மாணவர் தம் வீட்டுக் கணக்குக்கும் அதையே எல்லையாகக் கொள்ளலாம். மேலும், மெடிக்கல் அசிஸ்டண்ட் வேலைக்குப் பெரும்பாலும் குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பே போதும் என்றிருக்க, அதே வேலைக்காகக் கடன் வாங்கி இரண்டாண்டுப் பட்டம் படிப்பதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும்.

இடைநிலை ஊதியத்தை முதல் மாதச் சம்பளமாக எண்ணிக்கொள்வதும் பரவலான பிழை. அந்த எண்ணுக்குள் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் அடக்கம். சம்பளமும் வாடகையும் உயர்ந்த கலிஃபோர்னியாவும் அடக்கம். புதிதாகச் சேர்பவர் தம் ஊரில் என்ன பெறுவார் என்பதை அது சொல்லாது. அதற்கு நெருக்கமான விடையைத் தருவது கல்வித் துறையின் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ தளம். குறிப்பிட்ட கல்லூரியில் குறிப்பிட்ட பாடப்பிரிவை முடித்தவர்களின் வருமானத்தையும் கடனையும் அங்கே அருகருகே காணலாம். ஆனால் அதிலுள்ள கடன் எண்ணை முழுக் கடனாக நம்பிவிடக் கூடாது. தனியார் வங்கிக் கடன் அதில் சேராது. பாடப்பிரிவுக்குரிய எண் படிப்பை முடித்தவர்களின் கடனை மட்டுமே காட்டுவதால், பாதியில் நின்று பட்டமின்றிக் கடனை மட்டும் சுமப்பவர்கள் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

தனியார் கடன் எங்கே நுழைகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் தம் பெயரில் பெறக்கூடிய கூட்டரசுக் கடன் (அமெரிக்க மத்திய அரசு தரும் கடன்) முதலாண்டில் 5,500 டாலர், இரண்டாம் ஆண்டில் 6,500 டாலர். கல்லூரிக் கட்டணம் இதைத் தாண்டினால், எஞ்சியதைத் தனியார் கடனோ பெற்றோர் பெயரிலான கடனோதான் பெரும்பாலும் நிரப்புகிறது. மாறாக, ஏழை மாணவருக்குக் கூட்டரசு தரும், திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத பெல் உதவித்தொகையின் உச்ச வரம்பு 2024-25இல் 7,395 டாலர். இரண்டாண்டுப் பட்டம் தரும் அரசுக் கல்லூரிகளான சமூகக் கல்லூரிகள் பலவற்றில் ஓராண்டுக் கட்டணம் இதைவிடக் குறைவு. முழு உதவித்தொகைக்குத் தகுதியுள்ள ஏழை மாணவர், விளம்பரத்தைப் பார்த்து இலாப நோக்கிலான கல்லூரியில் சேர்ந்து கடனாளியாவதைத் தடுக்க முடியும் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அத்தகைய கல்லூரிகளை நடத்திய கொரிந்தியன் நிறுவனம் 2015இல் திவாலானது. அதில் பயின்ற சுமார் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை 2022இல் அரசு தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

அங்கீகாரத்தைச் சரிபார்க்காமல் சேர்வதோ போட்ட பணம் முழுவதையும் இழக்கச் செய்யக்கூடியது. கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, பாடப்பிரிவுக்கு இருப்பது வேறு. இயன்முறை சிகிச்சை உதவியாளர் படிப்புக்குக் ‘கேப்டி’ என்னும் அமைப்பின் அங்கீகாரம் இல்லையெனில், அமெரிக்காவில் படித்தவரேயானாலும் உரிமத் தேர்வை எழுத இயலாது. ஊதியக் கணக்கு எதுவும் அதன்பின் பொருந்தாது. எக்ஸ்ரே தொழில்நுட்பம் போன்ற பிரிவுகளில் தேர்ச்சி விகிதத்தையும் வேலைவாய்ப்பு விகிதத்தையும் வெளியிடுமாறு அங்கீகார அமைப்பே கல்லூரிகளைக் கட்டாயப்படுத்துகிறது. அவற்றைக் காட்டத் தயங்கும் கல்லூரியில் சேர வேண்டாம்.

எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தரப்படும் விசாவில்) இருக்கும் நம்மவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்களுக்குக் கூட்டரசுக் கடனும் பெல் உதவித்தொகையும் கிடையா. வேலை அனுமதி இல்லாவிட்டால் படித்து முடித்தும் ஊதியம் பெற இயலாது.

இனி, காலத்தைக் கணக்கில் சேர்க்காத தவறு. உடற்கூறியல், உடலியங்கியல் போன்ற முன்பாடங்களை முடித்த பிறகே முதன்மைப் படிப்பில் இடம் கிடைப்பதால், இரண்டாண்டுப் பட்டம் பலருக்கு மூன்றாண்டுகளாக நீள்கிறது. பகல் முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி இருக்கும் பருவங்களில் பகுதிநேர வேலையையும் விட நேரிடுகிறது. அந்த மாதங்களின் வாடகையும் கடனாக மாறும். சமூகக் கல்லூரியில் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருந்தால், கட்டணம் கூடிய தனியார் கல்லூரியில் உடனே சேர்வது எப்போதும் தவறென்று நான் சொல்ல மாட்டேன். எடுத்துக்காட்டாக, பட்டம் பெற்றவர் 55,000 டாலரும், அவரே இப்போது செய்யும் கடை வேலையில் 30,000 டாலரும் ஈட்டுவதாகக் கொண்டால், ஓராண்டு காத்திருப்பின் விலை 25,000 டாலர். தனியார் கல்லூரியின் கூடுதல் செலவு வட்டியோடு இதற்குக் கீழே நின்றால் சேரலாம்; மேலே போனால், சில கல்லூரிகள் முன்பாட மதிப்பெண்களைக் கொண்டே இடம் தருவதால், அந்த ஓராண்டை அம்மதிப்பெண்களை உயர்த்தச் செலவிடுவதே மேல்.