ரிசீவரின் காது எவ்வளவு கூர்மை? வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்

சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரைப் பார்த்து, உங்கள் ஹாம் ரேடியோ ரிசீவர் மந்தமாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஹெச்எஃப்பில் (சிற்றலையில்) மீட்டர் காட்டும் எஸ்9 என்பது மைனஸ் 73 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் அளவு), அதாவது 50 மைக்ரோவோல்ட். ரிசீவரின் உண்மையான எல்லை, அதாவது அதற்குக் கேட்கும் மிக மெல்லிய சிக்னல், அதற்கு ஐம்பது, அறுபது டிபி கீழே இருக்கிறது. மீட்டர் அங்கே வழிகாட்டாது.

நான் வைத்திருப்பது எலக்ராஃப்ட் எக்ஸ்ஜி3 என்ற சிக்னல் ஜெனரேட்டர். அளவு தெரிந்த நான்கு சிக்னல்கள் தரும். நமக்கு வேண்டியது மைனஸ் 107 டிபிஎம், அதாவது 1 மைக்ரோவோல்ட். கூடவே சிக்னலை 1 டிபி படிகளில் குறைக்கும் அட்டனுவேட்டர் ஒன்றும், இரைச்சலையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் மல்டிமீட்டர் ஒன்றும் வேண்டும்.

ஜெனரேட்டரை அட்டனுவேட்டர் வழியாக ரிக்கின் (அனுப்பவும் கேட்கவும் செய்யும் ரேடியோவின்) ஆன்டெனா சாக்கெட்டில் இணைப்பதற்கு முன் மைக்கையும் மோர்ஸ் கீயையும் கழற்றிவிடுங்கள். வாக்ஸ் (குரல் கேட்டதும் தானாக ஒலிபரப்பும் வசதி), ஆட்டோ ட்யூனர் இரண்டையும் அணையுங்கள். பவரையும் அடிமட்டத்துக்கு இறக்குங்கள். தவறி ஒரு முறை பிடிடி (ஒலிபரப்பு பட்டன்) அழுந்தினால், ரிக்கின் பவர் பாய்ந்து ஜெனரேட்டர் போச்சு.

சரி, 40 மீட்டர் பேண்டில் சிடபிள்யூ (மோர்ஸ்) மோட், 500 ஹெர்ட்ஸ் ஃபில்டர், ஒலியைத் தானாகச் சமன் செய்யும் ஏஜிசி ஆஃப். மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து ஸ்பீக்கர் ஜாக்கில் போடுங்கள். ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, வெறும் இரைச்சல் 100 மில்லிவோல்ட் காட்டும்படி வால்யூமை வையுங்கள். அப்புறம் அதைத் தொடவே கூடாது. ஜெனரேட்டரைப் போட்டு, டோன் உரக்கக் கேட்கும்படி ட்யூன் செய்து, மீட்டர் 141 காட்டும்வரை அட்டனுவேஷனைக் கூட்டிக்கொண்டே போங்கள். 141 என்றால் 3 டிபி உயர்வு: சிக்னலும் இரைச்சலும் சரிசமம். 20 டிபியில் அது நின்றால் உங்கள் ரிசீவரின் எல்லை மைனஸ் 127. 500 ஹெர்ட்ஸில் இயற்கையின் அடித்தளம், அதாவது வெப்பத்தால் எழும் இரைச்சல், மைனஸ் 147 என்பதால், நாய்ஸ் ஃபிகர் (ரிசீவர் தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) 20 டிபி. ரிக்கின் முன்பெருக்கியான ப்ரீஆம்பைப் போட்டு இன்னொரு முறை அளந்து இரண்டையும் குறித்து வையுங்கள்.

இந்த வேலையைக் கெடுப்பது கசிவுதான்: கேபிள் வழியாக இல்லாமல் காற்றில் ரிசீவருக்குப் போய்ச் சேரும் சிக்னல். ரிக்கிலிருந்து கேபிளைக் கழற்றி, அந்த சாக்கெட்டில் 50 ஓம் டெர்மினேட்டரை மாட்டுங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது டோன் லேசாகக் கேட்டாலும் அளவு செல்லாது. பேட்டரியில் ஓடும் ஜெனரேட்டரை மூடியுள்ள பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னில் பதித்த பிஎன்சி கனெக்டர் வழியாகச் சிக்னலை வெளியே எடுங்கள். கேபிள் இரட்டைப் பின்னல் உள்ளதாக இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் ஆன்டெனாவை மாட்டுங்கள். இரைச்சல் 100இலிருந்து 300 மில்லிவோல்டைத் தாண்டினால், அந்த பேண்டில் அதற்கு மேல் கூர்மை தேவையில்லை. ப்ரீஆம்பை அணைத்தே வைக்கலாம். 10 மீட்டரில் இதே சோதனையைத் தனியாகச் செய்யுங்கள், அங்கே கணக்கு வேறு.