சோர்ஸ்ஃபோர்ஜில் கிடக்கும் பழைய நிரலை வரலாற்றோடு கிட்டுக்கு மாற்றுவது எப்படி?

1999 நவம்பரில் தொடங்கிய சோர்ஸ்ஃபோர்ஜ், திறமூல நிரலை யாரும் காசில்லாமல் வைத்துக்கொள்ள இடம் தந்த முன்னோடித் தளம். நிரலில் செய்த மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவியான கிட் பிறந்ததே 2005இல்தான் என்பதால் அங்குள்ள பழைய திட்டங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய கருவிகளான சிவிஎஸ் அல்லது சப்வெர்ஷனில் இருக்கும். 2006இல் வந்த, இதே போன்ற தளமான கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டதை நினைத்தால், இதைத் தள்ளிப்போடாமல் இருப்பதே நல்லது.

ஜிப் கோப்பை மட்டும் இறக்கினால் போதாது, ஒரு வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்பதெல்லாம் போய்விடும். அந்தத் தகவல்தான் எனக்கு நிரலைவிட முக்கியம்.

சப்வெர்ஷன் என்றால் முதலில் பங்களித்தவர்களின் பட்டியலை எழுதுங்கள். சப்வெர்ஷனில் பயனர்பெயர் மட்டுமே இருக்கும், கிட்டுக்கோ பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். அதனால் வரிக்கு ஒருவராக, பயனர்பெயர், சமக்குறி, முழுப்பெயர், கோண அடைப்புக்குள் மின்னஞ்சல் என்று போடுங்கள். ஒருவர் விட்டுப்போனாலும் மாற்றம் பாதியில் நிற்கும், அவரைச் சேர்த்துவிட்டு 'கிட் எஸ்விஎன் ஃபெட்ச்' கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பட்டியல் தயாரா? சரி, அதைக் காட்டி 'கிட் எஸ்விஎன் குளோன்' ஓடவிடுங்கள். டிரங்க், பிராஞ்சஸ், டேக்ஸ் என்ற வழக்கமான அடைவுகள் இருந்தால் 'எஸ்டிடிலேஅவுட்' தெரிவையும் சேருங்கள்.

அப்புறம் டேக்குகளை, அதாவது வெளியீடுகளைக் குறிக்கும் அடையாளங்களைக் கவனியுங்கள், அவை கிளைகளாகத்தான் வந்திருக்கும், உண்மையான டேக்குகளாக நீங்களே மாற்ற வேண்டும். பிழை அறிக்கைகள் இந்த வழியில் வராது, தனியாக எடுத்து வையுங்கள். உரிமக் கோப்பில் கை வைக்காதீர்கள்.