கங்குக்கு எதிரான வேலை: கேட்டஸ்ட்ரோஃபிக் நாளில் தீயணைப்பு டேங்கர் குழு ஒரு வீட்டைக் காப்பது எப்படி

ஆஸ்திரேலியக் காட்டுத்தீயில் வீட்டை அழிப்பது பெரும்பாலும் கங்கு. தீமுகம் (முன்னேறி வரும் தீயின் முன்விளிம்பு) வருவதற்கு முன்பே காற்றில் பறந்து வந்து கூரை இடுக்கிலும் மரத்தளத்தின் அடியிலும் கால்மிதியின் மேலும் விழுந்து, அங்கே சின்னதாகப் பற்றிக்கொள்ளும். தீமுகம் ஒரு வீட்டைக் கடக்கப் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான் ஆகும். கங்கு விழுவதோ அதற்கு முன்னும் பின்னும் மணிக்கணக்கில் நீடிக்கும். சின்னத் தீயை ஒரு வாளித் தண்ணீர் அணைத்துவிடும். அந்த நேரத்தில் அங்கே ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நியூ சவுத் வேல்ஸின் ஆர்.எஃப்.எஸ்., விக்டோரியாவின் சி.எஃப்.ஏ. போன்ற ஊரகத் தீயணைப்புப் படைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தன்னார்வலர்கள் இதை மனத்தில் வைத்தே மற்றதைப் படிக்க வேண்டும். பயிற்சி வகுப்புக்கு இது மாற்று இல்லை. களத்தில் உங்கள் கேப்டன் சொல்வதே முடிவு.

2022 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள தீ அபாய அளவீட்டில் 'கேட்டஸ்ட்ரோஃபிக்' உச்சப் படி. அன்று தீயின் முன்னால் நின்று அதை நிறுத்தலாம் என்று எண்ணவே கூடாது. காற்று பலமாக இருந்தால் விமானங்களும் பறக்க முடியாமல் போகலாம்.

மனிதர்கள்தான் முதல் வேலை. அபாயப் பகுதியில் இருப்பவர்கள் முந்தின இரவோ அதிகாலையிலோ கிளம்பியிருக்க வேண்டும். ஆனாலும் சிலர் வீட்டில் இருப்பார்கள். வாசலிலேயே கேளுங்கள்: உள்ளே எத்தனை பேர், நடக்க முடியாதவர் உண்டா, தண்ணீர் எங்கே, எரிவாயு சிலிண்டர் எங்கே? வெளியேறும் சாலை திறந்திருக்கிறது என்று ரேடியோவில் உறுதியானால் மட்டும் அனுப்புங்கள். புகை மூடிய சாலையில் கடைசி நேரத்தில் கார் ஓட்டுவது மிக ஆபத்தானது. தங்க நேர்ந்தால், தீ வரும் திசைக்கு எதிர்ப்புறத்தில், நேராக வெளியே போகும் கதவுள்ள அறையில் அனைவரும் இருக்கட்டும். கம்பளிப் போர்வை, முழுக்கை பருத்தி உடை, குடிநீர் கூடவே இருக்கட்டும். குளியலறை வேண்டாம். ஒரே கதவு, சின்ன ஜன்னல். வீடு பற்றினால் வெளியே வர வழி இல்லை.

எல்லா வீட்டையும் காக்க முடியாது. இதைச் சொல்வது கடினம், ஆனால் நிற்கக் கூடாத வீட்டில் நின்ற குழு பக்கத்து நான்கு வீடுகளுக்கும் பயன்படாமல் போகும். முதலில் சரிவைப் பாருங்கள்: மேட்டை நோக்கி ஏறும் தீ ஒவ்வொரு 10 டிகிரிச் சரிவுக்கும் ஏறக்குறைய இரு மடங்கு வேகமெடுக்கும். மேட்டின் உச்சியில், கீழே காடும் சுவரை ஒட்டிப் புதரும் உள்ள வீட்டைக் கடந்து போங்கள். லாரி திரும்ப இடமில்லாத ஒற்றைப் பாதை வீட்டையும் அப்படியே. ஏற்கெனவே கூரைக்குள் தீ பிடித்த வீட்டுக்கும் அன்று தண்ணீர் செலவிட வேண்டாம்.

நிற்பது என்று முடிவானால் லாரியைப் பின்னோக்கி உள்ளே விடுங்கள். முகப்பு வெளியேறும் பக்கம் பார்க்கட்டும். தீக்கும் லாரிக்கும் நடுவே வீட்டின் சுவர் இருந்தால் வெப்பக்கதிர் தடுக்கப்படும். மின்கம்பி, பெரிய மரக்கிளை, சிலிண்டர் பக்கத்தில் வேண்டாம். கழிவுநீர்த் தொட்டி மூடியின் மேல் ஏறிவிடாதீர்கள், எடை தாங்காது. லாரியின் ஜன்னல்கள் மூடியிருக்கட்டும். 38 மில்லிமீட்டர் ஹோஸில் இரண்டு துண்டு போதும். தேவைப்பட்டால் அப்படியே கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். இன்னொரு ஹோஸ் தண்ணீர் ஏற்றிய நிலையில் லாரிக்காகவே காத்திருக்க வேண்டும். பம்ப் ஆபரேட்டர் லாரியை விட்டு நகரக் கூடாது.

தண்ணீர்க் கணக்கைத் தலையில் வைத்திருங்கள். 3,500 லிட்டர் டேங்கரில் நிமிடத்துக்கு 230 லிட்டர் திறந்தால் 15 நிமிடத்தில் காலி. கால் பங்கை லாரியின் பாதுகாப்புக்கு ஒதுக்கினால் கையில் இருப்பது 11 நிமிடம். உங்கள் படை இருப்பளவை வேறாக வகுத்திருந்தால் அதுவே விதி. 1998 டிசம்பர் 2 அன்று விக்டோரியாவின் லிண்டனில், தண்ணீர் நிரப்பப் போகும் வழியில் காற்று திரும்பி, ஒரு டேங்கரில் இருந்த ஐந்து தன்னார்வலர்கள் இறந்தார்கள். தொட்டி வற்றும் வரை அடிக்காதீர்கள்.

தீமுகம் வரப் பத்து நிமிடம் இருந்தால்: கால்மிதி, நாற்காலி, விறகு, பார்பிக்யூ சிலிண்டர் எல்லாவற்றையும் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். வீட்டு ஜன்னல்களை மூடுங்கள். கூரைப் பீலியின் (கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் வாய்க்கால்) இறங்குகுழாயைத் துணியால் அடைத்து, பீலியில் தண்ணீர் நிரப்புங்கள். ஏணியில் நின்று செய்யலாம், கூரை மேல் ஏற வேண்டாம். குளியல் தொட்டி, வாளி, குப்பைத் தொட்டி எல்லாவற்றிலும் தண்ணீர், பக்கத்தில் ஒரு மாப். பரண் திறப்புக்குக் கீழே ஒரு ஏணி. சுவரை நனைப்பது கடைசி வேலை. ஒரு மணி நேரம் முன்னால் நனைத்தால் அந்தச் சூட்டிலும் காற்றிலும் எல்லாம் காய்ந்துபோகும். கிளாஸ் ஏ நுரையை (மரம், புல் போன்றவற்றின் தீக்கான நுரை) தண்ணீரில் 0.5 சதவீதம் கலந்தால் சற்று நேரம் ஒட்டி நிற்கும், அதுவும் நிலைக்காது.

நீச்சல் குளத்திலிருந்து எடுக்கும்போது உறிஞ்சு குழாயின் வடிகட்டி முழுக்க மூழ்கியிருக்க வேண்டும், குளத்தின் அடியையும் தொடக் கூடாது. பம்ப் இரைந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் இணைப்புகளில் காற்று புகுகிறதா என்று பாருங்கள். வெயிலிலும் வெப்பக்கதிரிலும் நிற்கும், பெட்ரோலில் ஓடும் தண்ணீர் பம்ப் எரிபொருள் ஆவியாகி நின்றுவிடும். தகரமோ செங்கல் சுவரோ மறைவாக வேண்டும். ஊர்க் குழாய்த் தண்ணீரை நம்பாதீர்கள்: எல்லோரும் ஒரே நேரத்தில் திறப்பார்கள், மின்சாரமும் போகும், அழுத்தம் விழுந்துவிடும்.

எப்போது உள்ளே போவது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். கங்கு மழைபோலக் கொட்டி, முகத்தோல் சுடத் தொடங்கினால் ஹோஸைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போக வேண்டும். அங்கே சும்மா இருக்கக் கூடாது. பரணையும் ஜன்னல் விளிம்புகளையும் மாறி மாறிப் பாருங்கள். லாரிக்குள் மாட்டிக்கொண்டால்: எரிந்து முடிந்த தரையிலோ வெற்றுத் தரையிலோ நிறுத்தி, இன்ஜினையும் விளக்குகளையும் ஓடவிட்டு, லாரியின் மேல் நீர் தெளிக்கும் ஸ்பிரேயைத் திறந்து, ஜன்னல்களின் வெப்பத் திரையை இறக்கி, ஜன்னல் மட்டத்துக்குக் கீழே கம்பளியைப் போர்த்திக்கொண்டு குனிந்திருங்கள். அதற்கு முன் ரேடியோவில் இருப்பிடத்தைச் சொல்லிவிடுங்கள்.

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் பகல் முழுக்க வடமேற்குக் காற்று அடிக்கும், பிறகு தென்மேற்காகத் திரும்பும். அந்த நொடியில் தீயின் நீண்டு கிடந்த வடகிழக்குப் பக்கவாட்டு முழுவதும் தீமுகமாக மாறும். விக்டோரியாவில் காட்டுத்தீயில் 173 பேர் இறந்த 2009 பிப்ரவரி 7 அன்று மாலையில் இதுதான் நடந்தது. எனவே நிற்கும் வீட்டின் எந்தச் சுவர் காற்று திரும்பியபின் அடிவாங்கும் என்று வந்தவுடனே பார்த்து வையுங்கள்.

தீமுகம் கடந்து, வெளியே மூச்சு விட முடிந்தவுடன் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வாருங்கள். கூரை இறவாணம், தரைக்கு அடி, மரத்தளம், கார் ஷெட், பரண், இந்த வரிசையில் பாருங்கள். விழுந்த மின்கம்பியிலிருந்து குறைந்தது 8 மீட்டர் விலகியிருங்கள். சிலிண்டரின் பாதுகாப்பு வால்வில் தீ பீறிட்டால் அதை அணைக்காதீர்கள். தள்ளி நின்று சிலிண்டரைக் குளிர்வியுங்கள். பிறகு ஆளில்லாத பக்கத்து வீடுகளுக்குப் போய்விட்டு, முதல் வீட்டுக்கே திரும்பி வாருங்கள். மாலைக்குள் மூன்று நான்கு சுற்று. பார்த்த வீட்டின் எண்ணையும் நேரத்தையும் எழுதி, ஆள் மாறும்போது அந்தத் தாளை அடுத்த குழுவின் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.