மும்பைப் பதிவேட்டில் தாத்தா பெயர் கிடைக்கவில்லையா?

முதலில் முதலெழுத்தைச் சந்தேகப்படுங்கள். நடுவில் ஓர் எழுத்து மாறினால் பெயர் அதே பக்கத்தில் எங்காவது அகப்படும். முதலெழுத்து மாறினால் அகரவரிசையில் வேறு பக்கத்துக்கே போய்விடும். ஏழுமலையை ஆங்கில 'இ', 'ஒய்' இரண்டிலும், சின்னசாமியை 'சி', 'எஸ்' இரண்டிலும் பாருங்கள். ஞானமுத்துவுக்கு 'ஜி', 'என்' மட்டும் போதாது. மராத்திக்காரர்கள் ஞானேஷ்வரை 'டி'யில் தொடங்கி எழுதுவார்கள், அதனால் அங்கேயும் ஒருமுறை.

இன்னொரு சிக்கல், குடும்பப்பெயர்க் கட்டம். நமக்கோ இனிஷியல்தான். அந்தக் கட்டத்தில் ஒருவருக்கு அப்பா பெயர், தம்பிக்குச் சாதிப்பெயர், மூன்றாமவருக்கு ஊர்ப்பெயர் என்று விழுந்திருக்கலாம். மூன்றையும் தேடுங்கள். பழைய வாக்காளர் பட்டியல் கிடைத்தால் பெயரை விட்டுவிட்டு, தாராவியோ மாட்டுங்காவோ, அவர் இருந்த பகுதியின் வீட்டு எண்ணைப் பிடித்துப் போங்கள்.