சீரியல் போர்ட் இல்லாத லேப்டாப்பில் பழைய பிஎல்சியை இணைப்பது

முதலில் பிஎல்சியின் (தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி) போர்ட் எந்த வகை என்று மேனுவலில் பாருங்கள். 9 பின் என்றாலே ஆர்எஸ்-232 (வழக்கமான சீரியல் சிக்னல் முறை) என்று நினைத்துவிட வேண்டாம். ஆர்எஸ்-485 என்ற வேறு முறையும் அதே கனெக்டரில் வரும். மிட்சுபிஷி எஃப்எக்ஸ் வரிசையின் 8 பின் வட்ட போர்ட் ஆர்எஸ்-422. அதற்கு யூஎஸ்பியை ஆர்எஸ்-232 ஆக்கும் சாதாரண கன்வெர்ட்டர் மட்டும் போதாது.

கன்வெர்ட்டரில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் இருந்தால் நல்லது. போலி ப்ரோலிஃபிக் சிப் என்றால் டிரைவரே மறுத்துவிடும், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'கோட் 10' என்ற பிழை வரும்.

கன்வெர்ட்டரைச் செருகியதும் விண்டோஸ் அதற்குத் தரும் காம் (COM) போர்ட் எண்ணை டிவைஸ் மேனேஜரில் பாருங்கள். பழைய மென்பொருள் பலவற்றுக்கு காம் 4-க்கு மேல் தெரியாது. அந்தப் போர்ட்டின் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு போய் எண்ணைக் குறையுங்கள். எஃப்டிடிஐ சிப் என்றால் அங்கேயே லேட்டன்சி டைமர் (வந்த டேட்டாவை கணினிக்குத் தருமுன் சிப் காத்திருக்கும் நேரம்) 16 மில்லிசெகண்டில் இருக்கும்; 1 ஆக்குங்கள். பாதி அப்லோடில் டைம்-அவுட் ஆவதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

அடுத்து கேபிள். ஆர்எஸ்-232 என்றால், கேபிளைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை 9 பின் போர்ட்டின் பின் 5-ல் (கிரவுண்ட்) வைத்து, சிவப்பு முனையால் 2, 3 இரண்டையும் தொட்டுப் பாருங்கள். மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை காட்டுவதுதான் அனுப்பும் பின். கன்வெர்ட்டர், பிஎல்சி இரு பக்கமும் அது ஒரே எண்ணா? அப்போது 2-3 மாற்றிய கிராஸ் கேபிள் வேண்டும்.

இன்னும் இரண்டும் பேசவில்லையென்றால் வேகம், பிட், பாரிட்டி (பிழை கண்டறியும் பிட்) செட்டிங்கைப் பாருங்கள். 9600, 7 பிட், ஈவன் பழைய பிஎல்சிகளில் சகஜம்.